வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு கிட்டார் கையேடு

மதுரையில் கிட்டார் வாங்குகிறவர்கள் இரண்டு ரகம். முதல் ரகம், வாசிப்பதற்காக வாங்குவது. விரல் நுனி காய்த்துப் போய், எஃப் கார்டு கடைசி வரை பிடிபடாமல், அடுத்த தீபாவளிக்குள் உறையோடு பீரோ மேல் ஏற்றிவிடுவார்கள். இரண்டாவது ரகம், வைப்பதற்காக வாங்குவது. இவர்களுக்கு விரல் வலி கிடையாது, பக்கத்து வீட்டுச் சண்டை கிடையாது, சுருதி கலைந்த கவலையும் கிடையாது. இந்தக் கையேடு அவர்களுக்காக. உலகப் புகழ் பெற்ற ராக் கலைஞர்களின் கிட்டார்களைக் கால் பங்கு அளவில், கீறல் மாறாமல், வரவேற்பறை ஷோகேசில் நிறுத்த விரும்பும் பெருமக்கள் மேலே படிக்கலாம்.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். உயரம் பத்து அங்குலம், அதாவது ஒரு சாணும் கொஞ்சமும். மரத்தில் உடம்பு, பளபளவென்று பெயின்ட், நூல் போன்ற கம்பியில் ஆறு தந்தி, கூடவே ஒரு குட்டி ஸ்டாண்டு. முறுக்காணிகள் சிலவற்றில் திரும்பும். திரும்பினாலும் எதையும் இறுக்காது. வால்யூம் குமிழ் ஒட்ட வைத்தது. காதருகே வைத்துத் தந்தியைத் தட்டினால், கொசுவலையில் விரல் பட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் பிடிக்கவில்லை என்றால் தட்டாமலே இருக்கலாம். பெரும்பாலான சேகரிப்பாளர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அசல் ஆசையை அறுப்பது

"நகல் எதற்கு, ஒரே ஒரு அசல் வாங்கினால் போதாதா?" என்று கேட்கிற ரோசக்காரர்கள் நம் ஊரில் உண்டு. அவர்களுக்கு விலைவாசி.

பிங்க் ஃபிலாய்ட் டேவிட் கில்மோர் 1970-ல் நியூயார்க்கில் ஒரு கடையில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர், 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் 27 கோடி ரூபாய்க்கு மேல். வாங்கியவர் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் முதலாளி ஜிம் அர்சே. பணம் முழுவதையும் கில்மோர் பருவநிலை வழக்குகள் நடத்தும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடமே கர்ட் கோபேன் எம்டிவி கச்சேரியில் வாசித்த 1959 மார்ட்டின் கிட்டார் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. சுமார் 45 கோடி. அந்தப் பணத்தில் மாட்டுத்தாவணி முதல் ஒத்தக்கடை வரை ரோட்டோர மனை அத்தனைக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் கிடா வெட்டி ஊருக்கே சோறு போடலாம்.

சரி, அசல் வேண்டாம், முழு அளவு நகல் வாங்கலாமா? அதுவும் நமக்கு ஆகாது. எரிக் கிளாப்டன் 1970 வாக்கில் நாஷ்வில் ஊரில் பழைய ஸ்ட்ராடோகாஸ்டர்களைச் சல்லிசாக அள்ளினார். ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒன்று, பீட் டவுன்சென்டுக்கு ஒன்று, ஸ்டீவ் வின்வுட்டுக்கு ஒன்று என்று சிநேகிதர்களுக்குக் கொடுத்தது போக, மீதி மூன்றைப் பிரித்து ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் கழுத்து என்று சேர்த்து ஒரே கிட்டார் ஆக்கினார். 'பிளாக்கி' என்று உலகம் கும்பிடும் கிட்டார் அதுதான். சுத்தமான செகண்ட் ஹாண்டு ஒட்டுச் சரக்கு. 2004-ல் அது 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. 2006-ல் ஃபெண்டர் நிறுவனம் அதற்கு 275 நகல்கள் செய்து, ஒன்று 24 ஆயிரம் டாலர் என்று விலை போட்டது. கிளாப்டன் வாசிக்கும்போது தந்தி முனையில் சிகரெட்டைச் செருகி வைப்பார். தலைப்பலகையில் அது சுட்ட கருகல் உண்டு. அந்தக் கருகலும் நகலில் அதே இடத்தில் இருந்தாக வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் 24 ஆயிரம் டாலர்.

இந்தத் தொழிலின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது, கவனியுங்கள். நீங்கள் வாங்கப் போவது கிட்டார் அல்ல. இன்னொருவர் கிட்டாரின் தேய்மானம். மரத்துக்கும் கம்பிக்கும் ஆகிற விலை கொஞ்சம். உரிந்த பெயின்டுக்குத்தான் மீதி.

எந்தக் கலைஞர்?

அதனால் பாட்டு நன்றாயிருக்கிறதா என்று பார்த்துக் கலைஞரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சாமான் எவ்வளவு சேதாரம் என்று பாருங்கள். சேதாரம் கூடினால் மதிப்பும் கூடும். நகைக்கடையிலும் செய்கூலி, சேதாரம் பார்த்துத்தானே பழகியிருக்கிறோம். தெற்கு ஆவணி மூல வீதிக்காரர்களுக்கு இது உடனே புரியும்.

அந்த வகையில் முதல் மரியாதை அயர்லாந்தின் ரோரி கல்லகருக்கு. 1961-ல் செய்த ஸ்ட்ராடோகாஸ்டரை 1963-ல் கார்க் நகரத்துக் கடையில் நூறு பவுண்டுக்குப் பழசாக வாங்கினார். மனிதருக்கு வியர்வை அப்படி ஒரு வியர்வை. மேடை மேடையாக வாசித்ததில் பெயின்ட் பெரும்பாலும் உரிந்து, கட்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. 2024-ல் அது 8,89,400 பவுண்டுக்கு விலை போய், அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நம்மவர்கள் விடும் வியர்வைக்கு இதுவரை யாரும் ஒரு பைசா கொடுத்ததில்லை என்பதை இங்கே வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

இந்த ரகத்தில் ஒரு சங்கடம் உண்டு. பார்சல் பிரிக்கும்போது உசிலம்பட்டியிலிருந்து மாமா வந்திருக்கக் கூடாது.

"ஏ மாப்ள, இது ஏற்கெனவே எவனோ பொழங்குன சாமான்ப்பா. பாரு, சாயம்லாம் போயிருச்சு."

"இல்ல மாமா, அது அப்படித்தான் வரும். அவரு வேர்வையில உரிஞ்சது."

"எவரு?"

"ரோரி கல்லகர்."

"அவரு வேர்வைக்கு நீ எதுக்குய்யா துட்டு குடுத்த? ரிட்டன் போட்டு விடு."

இதற்குப் பதில் கிடையாது. காபி கொண்டு வரச் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வெள்ளை ஸ்ட்ராடோகாஸ்டர் வாங்குகிறவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக்கில் வாசித்தது அது. இப்போது சியாட்டில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹென்ட்ரிக்ஸ் இடது கைக்காரர். ஆனால் கிட்டார் வலது கைக்காரர்களுக்கானது. அதைத் தலைகீழாகத் திருப்பி, தந்தியை மாற்றிக் கட்டி வாசித்தார். விவரம் தெரியாத தயாரிப்பாளர் "இடது கைதானே" என்று கிட்டாரையே இடது கை மாடலாகச் செய்து அனுப்பிவிடுவார். முறுக்காணி வரிசை கீழ்ப்பக்கம் பார்த்து நிற்கிறதா? அதுதான் சரி. மேற்பக்கம் பார்த்தால் திருப்பி அனுப்புங்கள். தந்தி மாற்றிக் கட்டியிருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். குட்டி கிட்டாரில் பெரும்பாலும் ஆறு தந்தியும் ஒரே கனம்தான். எப்படிக் கட்டினாலும் ஒன்றுதான்.

வில்லி நெல்சனின் மார்ட்டினில் வாசித்து வாசித்தே ஓட்டை விழுந்திருக்கிறது. அவர் ராக் கலைஞர் இல்லை, நாட்டுப்புற ரகம் என்று சுத்தக்காரர்கள் ஆட்சேபிப்பார்கள். ஓட்டைக்காக விதிவிலக்கு அளிக்கலாம்.

கையாலேயே செய்ய நினைப்பவர்களுக்கு

இணையத்தில் வாங்க மனமில்லாமல், "நம்ம ஆசாரி செய்யாததா?" என்று கேட்பவர்களுக்கு குலதெய்வம் குயீன் குழுவின் பிரையன் மே. 1963-ல், பையனாக இருக்கையில், கடையில் கிட்டார் வாங்க வசதியில்லாமல் அப்பா ஹரால்டும் அவரும் உட்கார்ந்து இரண்டு வருடம் செதுக்கியது 'ரெட் ஸ்பெஷல்'. கழுத்துக்கு, நூறு வருடத்துக்கு மேல் பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். புழு துளைத்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். விரற்பலகைப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான். தந்தியின் இழுவையைச் சமன் செய்ய 1928 மாடல் பான்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். சுருதியை ஆட்டும் கம்பி, சைக்கிள் சீட்டுப் பையைத் தாங்கியது. அதன் நுனியில் பின்னல் ஊசியின் முனை. தந்தி மீட்ட ஆறு பென்னி நாணயம். அத்தனையும் வீட்டுக் குப்பை. அதை வைத்துக்கொண்டு மனிதர் வெம்ப்ளி மைதானத்தை அதிர வைத்தார். பின்னால் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

மதுரையில் இதற்குச் சாமான் திரட்டுவது லேசு. கணப்படுப்பு நம்மிடம் கிடையாது. இந்த ஊருக்கு எவன் குளிர் காய்ந்தான்? ஆனால் இடிக்கப்படும் பழைய வீட்டில் தேக்கு உத்தரம் கிடைக்கும். கரையான் அரித்த இடத்துக்குத் தீக்குச்சி இருக்கவே இருக்கிறது, பக்கத்தில்தான் சிவகாசி. பான்தருக்குப் பதில் தாத்தாவின் ராஜ்தூத். பொத்தானுக்கு அம்மாவின் பழைய பிஸ்கட் டப்பா, அதாவது எந்த வீட்டிலும் பிஸ்கட் இருந்திராத அந்தத் தையல் டப்பா. இவ்வளவும் சேர்ந்த பிறகு ஆசாரியிடம் போனால் அவர் மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நல்ல கட்டைண்ணே. இதுல பூஜை ரூம் கதவு போட்டா நூறு வருசம் நிக்கும். இதைப் போயி..." என்று இழுப்பார். பத்தில் ஒன்பது ரெட் ஸ்பெஷல்கள் இந்தக் கட்டத்தில் பூஜை அறைக் கதவாக முடியும். நல்ல கதவாகவே முடியும்.

"ஊமைக் கிட்டாரை வைத்து என்ன பண்ணுவ?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதிலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சத்தம் போடாத வாத்தியத்தைக் கொண்டாடுவதில் மதுரைக்கு மிஞ்சிய ஊர் இல்லை.

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பா'ளில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் நாயனத்தை வாயில் வைத்தார்கள். ஊதியது நம்மூர் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் இருந்த நாயனம் நடித்தது. திரைக்குப் பின்னால் இருந்த நாயனம் பேசியது. சிவாஜி கன்னம் உப்பியதைப் பார்த்துக் கைதட்டாதவர் உண்டா? அப்புறம் 1982, 'பயணங்கள் முடிவதில்லை'. 'இளைய நிலா'வுக்குத் திரையில் பாட்டுக்காரராக நின்றவர் மோகன். கிட்டாரில் விரல் ஓடியது ஆர். சந்திரசேகருக்கு. அதை அப்படி ஓடவிட்டவர் பழைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா. அவரே கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரிப் பரீட்சை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கியவர். ஆனாலும் எண்பதுகளில் மதுரைத் தியேட்டர் வாசல் கட்அவுட்டில் கிட்டார் மாட்டிக்கொண்டு நின்றவர்கள் கதாநாயகர்கள்தாம். மின்சாரக் கிட்டாருக்கு ஒயர் கூடச் சொருகியிருக்காது.

இன்னும் சந்தேகப்படுகிறவர்களை அனுமந்தராயன் கோவில் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல் பிறந்த வீடு அங்கே. அம்மா சண்முகவடிவு வீணைக் கலைஞர். வீட்டு முகப்பில் ஒரு வீணை உருவம். அதை யாரும் இதுவரை மீட்டச் சொல்லி நச்சரித்ததில்லை. பூம்புகார் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குட்டித் தஞ்சாவூர் வீணையும் அந்தச் சாதிதான். யாளித் தலை, குடம், சுரைக்காய் எல்லாம் உண்டு. மெட்டில் சுரம் மட்டும் இல்லை. ஓய்வு பெறும் ஹெட்மாஸ்டர்களுக்கு நாம் அதைப் பொன்னாடையோடு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

வீட்டில் இடம் பிடிப்பது

ஷோகேசில் ஏற்கெனவே குடியிருப்போர்: தலையாட்டி பொம்மை, பிளாஸ்டிக் தாஜ்மகால், அப்பாவின் முப்பதாண்டுச் சேவை ஷீல்டு, பெண் ஐந்தாம் வகுப்பில் வாங்கிய மாறுவேடப் போட்டிக் கோப்பை. இவர்களில் யாரையும் நகர்த்தாமல் ஹென்ட்ரிக்சை நுழைப்பது ராஜதந்திரம். தாஜ்மகாலிடமிருந்து தொடங்குங்கள், அதற்கு வக்காலத்து வாங்க ஆள் குறைவு.

பராமரிப்பு சுருக்கமாக. ஆடிக்காற்றில் வைகை மணல் பாதி வீட்டுக்குள்தான் இருக்கும். ஈரத்துணி கொண்டு துடைத்தால் தந்தி துரு ஏறும். சின்ன ஓவிய பிரஷ் போதும். மேற்குப் பார்த்த ஜன்னலெதிரே வைத்தால் கில்மோரின் கறுப்பு ஒரு கோடையில் சாம்பல் ஆகும். பல்லி எச்சம் தேய்மானத்தில் சேராது, சுரண்டி எடுத்துவிடவும்.

பெரிய கண்டம் நவராத்திரி. கொலுப்படி கட்டியதும், ஷோகேசில் இருக்கும் எதுவும் வீட்டுப் பெண்களின் உடைமை ஆகிவிடுகிறது. விளாச்சேரியிலிருந்து போன வருடம் வாங்கிய சங்கீத மும்மூர்த்திகள் செட்டுக்குப் பக்கத்தில் கிளாப்டன் கிட்டார் போய் உட்காரும். அந்த ஊர்க் கைவினைஞர்கள் பிள்ளையார், கொலு, கிறிஸ்துமஸ் குடில் எல்லாவற்றுக்கும் மண்ணைப் பிசைகிறவர்கள், அளவு பிசகாது. உங்கள் கிட்டார்தான் பிசகும். ஒரு அடி உயரத் தியாகையர் மடியில் பத்து அங்குல கிட்டாரைச் சாய்த்தால், அதுதான் அவரை வாசிக்கப் போவதாகத் தெரியும். தடுக்க முயல வேண்டாம். "இந்த வருசம் என்ன புதுசா?" என்று வருகிற மாமிகள் முதலில் கேட்பது அதைத்தான். உங்கள் சேகரிப்புக்கு வருடத்தில் கிடைக்கும் ஒரே கண்காட்சி அது. சுண்டலும் உண்டு.

அசலேதான் வேண்டும் என்று அழுபவர்களுக்கு

பஸ் ஏறி மானாமதுரைக்குப் போங்கள். ஒரு மணி நேரப் பயணம். அங்கே கடம் செய்கிறவர்கள் பல கண்மாய்களின் மண்ணைக் கலந்து மிதித்து, சக்கரத்தில் ஏற்றி, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரின் கனத்தைச் சமன் செய்து, காயவைத்துச் சுடுகிறார்கள். ஓரிடத்தில் கனம் கூடினாலும் நாதம் கெட்டுவிடும். சூளையிலிருந்து வந்த பிறகு தட்டிப் பார்த்து இது இன்ன சுருதி என்று ஒதுக்குகிறார்கள். 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ராக் சம்பந்தம் எங்கே என்கிறீர்களா? விக்கு விநாயக்ராம் 1970-களில் ஜான் மெக்லாஃப்லினோடு 'சக்தி' குழுவில் கடம் வாசித்தார். அதற்காக மெக்லாஃப்லின் கிப்சனில் சொல்லிச் செய்த கிட்டாரில் ஆறு தந்திக்குக் குறுக்கே ஏழு சுருதித் தந்திகள். வீணை போலக் கமகம் பிடிக்க மெட்டுகளுக்கு நடுவே பள்ளம் தோண்டியிருந்தார்கள். பிறகு 1991-ல் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' இசைத்தட்டிலும் விக்குவின் கடம் உண்டு. உலக இசைக்கென்று கிராமி கொடுக்க ஆரம்பித்தபோது முதல் விருது அதற்குத்தான். அவர் கைக்குப் போன மானாமதுரைக் கடமும், நீங்கள் வாங்கப் போகிற கடமும் ஒரே மண். முழு அளவு, சத்தம் போடும், நகல் இல்லை.

எச்சரிக்கை: கடம் வாங்கி வைத்தால் மார்கழியில் "வாசிங்களேன்" என்பார்கள். கோடையில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் துணிந்தவர்களே வாங்கவும்.

உடைந்தால்

கட்டாயம் உடையும். தங்கச்சி பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள். பதறாமல் சேதத்தைப் பார்த்து, அதற்கேற்ப ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் பெயரை மாற்றுங்கள்.

தலைப்பலகை மட்டும் கழுத்தோடு சேருமிடத்தில் ஒடிந்திருந்தால், அதை லெஸ் பால் என்று சொல்லிக்கொள்ளலாம்; கிப்சனின் பெரிய லெஸ் பால்கள் ஒடிவதும் சரியாக அதே இடத்தில்தான். ஃபெவிக்விக் வைத்து ஒட்டுங்கள், தடம் தெரிகிற மாதிரி. இரண்டு துண்டாகிவிட்டால் அது பீட் டவுன்சென்ட். 1964-ல் லண்டன் பக்கம் ஒரு விடுதியில் கூரை தாழ்வாக இருந்து கிட்டார் தலை இடித்து உடைந்தது, ஆத்திரத்தில் மீதியையும் அவரே உடைத்தார், அதன் பிறகு அதுவே வழக்கமாயிற்று. கொலுவில் கற்பூரத்தட்டு பட்டுக் கருகியிருந்தால் ஹென்ட்ரிக்ஸ், மான்டெரே, 1967. மேடையிலேயே கொளுத்தினார். இந்த மூன்றில் எதுவானாலும் விலை ஏறத்தான் செய்யும், இறங்காது.

ஆளையே காணோம் என்றால் போலீஸுக்குப் போகாதீர்கள். பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் கிட்டார் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போய், அரை நூற்றாண்டு கழித்து ஒரு வீட்டுப் பரணிலிருந்து கிடைத்ததாக 2024-ல் சேதி வந்தது. எனவே முதலில் உங்கள் பரணில் ஏறிப் பாருங்கள். கொலு பொம்மைப் பெட்டியில், வைக்கோலுக்கு அடியில், கிருஷ்ணர் செட்டோடு இருக்க வாய்ப்புண்டு. அங்கே இல்லையென்றால் தங்கச்சி வீட்டுப் பரண். அதற்கு முன்னால் போன் பண்ணிவிட்டுப் போகாதீர்கள்.